கேட்டுப் பழகிய விரல்கள்

நுழையும்முன்

இசை, ஓவியம், விளையாட்டு, மொழி ஆகிய எதுவாயினும் பயிற்சியின்றிக் கைகூடாது. ஆயினும், நெடுநேரம் பயில்வோர் அனைவரும் சிறந்து விளங்குவதில்லை. சிறிது நேரமே பயின்றாலும் முறையாகப் பயில்வோர் முன்னேறுவதைக் காண்கிறோம். இவ்வேறுபாடு எதனால் விளைகிறது? பியானோ இசையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் புகழுடன் விளங்கிய ஒரு பெண்மணியின் வாழ்வு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

பேசாத குழந்தை

ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரம் புத்தகத் தொழிலுக்கும் இசைக்கும் பெயர்பெற்றது. அந்நகரில் 1819ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் கிளாரா பிறந்தார். அவருடைய தந்தை ஃபிரீட்ரிக் வீக், பியானோ விற்பவர். பியானோ கற்பிக்கும் ஆசிரியருமாவார். தாய் மரியானே, மேடையில் பாடவும் பியானோ இசைக்கவும் வல்லவர்.

நான்கு வயது கடந்தும் கிளாரா பேசவில்லை. பிறர் பேசுவதையும் அவர் கவனிப்பதாகத் தோன்றவில்லை. ஆகவே, குழந்தைக்குக் காது கேளாதோ என்று பெற்றோர் ஐயுற்றனர். அவ்வேளையில் குடும்பத்திலும் அமைதி இல்லை. 1824ஆம் ஆண்டு தாயும் தந்தையும் பிரிந்தனர். அக்காலச் சட்டம் குழந்தைகளைத் தந்தைக்கே உரியவர்களாகக் கருதியது. எனவே, ஐந்தாம் பிறந்தநாளை ஒட்டிக் கிளாரா தாயைப் பிரிந்து தந்தையின் இல்லத்திற்குத் திரும்பினார்.

பேச்சுக்குச் செவிகொடாத அக்குழந்தை, பியானோவின் ஒலிக்குச் செவிகொடுத்தது. வீட்டில் காலை முதல் மாலை வரை பியானோ ஒலித்துக்கொண்டே இருக்கும். கேட்ட இசையைக் கிளாரா மனத்தில் பதித்துக்கொண்டார். அவருடைய செவியில் குறையில்லை என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. இசை கற்கத் தொடங்கியபின் பேச்சும் வளர்ந்தது.

தந்தையின் பயிற்சி முறை

ஐந்து வயது முடிந்ததும் தந்தை மகளுக்குப் பாடம் தொடங்கினார். அக்கால ஆசிரியர்கள் பலர் முதல் நாளே இசைக்குறிப்பு ஏட்டைக் குழந்தையின் முன் விரித்துவைப்பர். குழந்தை ஏட்டைப் பார்ப்பதா, விரலைப் பார்ப்பதா என்று தடுமாறும். வீக் அவ்வாறு செய்யவில்லை. முதல் ஓராண்டு முழுவதும் ஏடின்றியே கற்பித்தார். மகளின் சிறு கைகளுக்கேற்ற எளிய இசைத்துணுக்குகளைத் தாமே இயற்றி இசைத்துக் காட்டினார். கிளாரா அவற்றைக் கேட்டு, விரலால் தேடி, மீண்டும் இசைத்தார். ஏட்டைப் படிக்கும் பயிற்சி அதன்பின்னரே வந்தது. பிறக்கவேண்டிய ஒலி எது என்பதைச் செவி முதலில் அறிந்திருந்ததால், விரல்கள் அதைத் தேடிச் செல்லக் கற்றன.

வீக் வகுத்த நாள் ஒழுங்கும் கருதத்தக்கது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் தந்தையிடம் பாடம். அதன்பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தனிப்பயிற்சி. இவ்வளவே பியானோவிற்கு ஒதுக்கப்பட்ட நேரம். மழையோ பனியோ, நாள்தோறும் திறந்தவெளியில் நெடுநேரம் நடந்துவருவதும் பாடத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. களைத்த உடல் கவனத்தை இழக்கும். கவனம் இழந்த விரல் பிழை செய்யும். பிழையோடு பத்துமுறை இசைத்தால் அப்பிழையே பழக்கமாகிவிடும். இதனை வீக் நன்கு உணர்ந்திருந்தார்.

பியானோ மட்டும் போதாது என்பதும் அவர் கருத்து. மகளைப் பாடல் நாடகங்களுக்கும் கச்சேரிகளுக்கும் அழைத்துச் சென்றார். நல்ல பாடகர் மூச்சை எங்கே நிறுத்துகிறார், ஓர் ஒலியை அடுத்த ஒலியோடு எவ்வாறு இணைக்கிறார் என்பனவற்றைக் கேட்டறிந்தால்தான் பியானோவைப் பாடச்செய்ய இயலும் என்று அவர் நம்பினார். பியானோவின் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். தட்டிய ஒலி உடனே மங்கத் தொடங்கும். மங்கும் ஒலிகளைக் கொண்டு தொடர்ந்து பாடுவதுபோல் தோன்றச் செய்வதே அக்கருவியின் அருமை. கட்டைகளை ஓங்கி அடிக்காமல், விரலின் உணர்வோடு அழுத்தும் பழக்கம் கிளாராவிற்கு இளமையிலேயே படிந்தது.

இம்முறை விரைவில் பயன் தந்தது. 1828ஆம் ஆண்டு, ஒன்பதாம் வயதில், லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவான்ட்ஹவுஸ் அரங்கில் மற்றொருவருடன் சேர்ந்து கிளாரா இசைத்தார். 1830ஆம் ஆண்டு, பதினொன்றாம் வயதில், அதே அரங்கில் தம் பெயரிலேயே முதல் கச்சேரியை நிகழ்த்தினார். பதினாறாம் வயதில், தாமே இயற்றிய கான்செர்ட்டோ ஒன்றை இசைக்குழுவுடன் இணைந்து இசைத்தார். அன்று இசைக்குழுவை நடத்தியவர் மெண்டல்சன் என்னும் பேரிசைஞர்.

தந்தையின் முறை சிறந்ததாயினும், அவருடைய பிடி மிகவும் இறுகியது. மகளின் நாட்குறிப்பைக்கூட அவரே, மகள் எழுதுவதுபோல் எழுதினார். கச்சேரி வருவாயும் அவர் கையிலேயே இருந்தது. தாமே எண்ணவும் தேரவும் கிளாரா பின்னாளில் போராடியே உரிமை பெறவேண்டியிருந்தது.

அவசரத்தின் விலை

1830ஆம் ஆண்டு இளைஞர் ஒருவர் வீக்கின் இல்லத்தில் தங்கிப் பயில வந்தார். அவர் பெயர் ராபர்ட் ஷூமன், வயது இருபது. சட்டம் படிக்க அனுப்பப்பட்ட அவர், பியானோக் கலைஞராவதே தம் வாழ்வின் நோக்கம் என்று முடிவுசெய்து படிப்பைக் கைவிட்டவர். மாலை வேளைகளில் அவ்வீட்டுக் குழந்தைகளுக்குப் பேய்க்கதைகளும் விடுகதைகளும் சொல்லி மகிழ்விப்பார். பகலில் கடுமையாகப் பயில்வார்.

தம்மைவிட ஒன்பது வயது இளைய கிளாரா இசைப்பதைக் கேட்குந்தோறும், தாம் இழந்த ஆண்டுகளை எண்ணி ராபர்ட் வருந்தினார். வீக்கின் படிப்படியான முறை அவருக்குப் பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது. இழந்த காலத்தைக் குறுக்கு வழியில் மீட்க எண்ணினார். வலக்கையின் நடுவிரல் மற்ற விரல்களைப்போல் விரைந்து இயங்கவில்லை. அவ்விரலை வலுப்படுத்த ஒரு கருவியைப் பொருத்திப் பயின்றார். விரல் வலுப்பெறவில்லை, மேலும் சோர்ந்தது. 1832ஆம் ஆண்டளவில் அவ்விரல் அவர் விருப்பத்திற்கு இணங்குவதையே நிறுத்திவிட்டது. மருத்துவங்கள் பல செய்தும் பயனில்லை. விரல் கெட்டதன் காரணம் பற்றி அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உள்ளன. ஆயினும், உடல் தந்த எச்சரிக்கையை மீறிய பயிற்சி அவருக்குத் துணைசெய்யவில்லை என்பது உறுதி.

மேடைக் கலைஞராகும் கனவு கலைந்தது. ஆனால், ராபர்ட் இசையைக் கைவிடவில்லை. பேனாவை எடுத்தார். இசைப்படைப்புகளை இயற்றினார், 1834ஆம் ஆண்டு லைப்சிக்கில் இசை இதழ் ஒன்றைத் தொடங்கினார். அவர் இயற்றியவற்றை மேடையில் இசைத்துக்காட்டும் விரல்கள் கிளாராவினுடையவை ஆயின.

இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பியபோது வீக் கடுமையாக எதிர்த்தார். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் இசைவளித்தபின், 1840ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், கிளாராவின் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு முதல் நாள், திருமணம் நிகழ்ந்தது.

ஒரு வீட்டில் இரு பியானோக்கள்

திருமணத்திற்குப்பின் கிளாராவிற்குப் புதியதோர் இடர் வந்தது. ஒருவர் இசைப்பது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்டுவிடும் வீடு அது. ராபர்ட் இயற்றும்போது அமைதி வேண்டும். ஆகவே, கிளாரா பியானோவைத் தொட இயலாது. அவர் வெளியே செல்லும் சிறு பொழுதே கிளாராவின் பயிற்சிக்கு எஞ்சியது. தம் விரல்கள் பழைய திறனை இழக்கின்றனவோ என்று கிளாரா கலங்கினார். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதிய நாட்குறிப்பில் இக்கவலை பதிவாகியுள்ளது. தம் பொருட்டு மனைவி பயிற்சியை இழப்பதை எண்ணி ராபர்ட்டும் அதில் வருந்தியுள்ளார்.

குழந்தைகள் எண்மர் பிறந்தனர். அவருள் ஒருவர் மழலைப் பருவத்திலேயே இறந்தார். இத்தனை பொறுப்புகளுக்கிடையிலும் கிளாரா கச்சேரிகளை விட்டுவிடவில்லை. 1844ஆம் ஆண்டு கணவருடன் ரஷ்யாவிற்குச் சென்று இசைத்தார். நீண்ட நேரம் கிடைக்காதபோது, கிடைத்த சிறு நேரத்தை வீணாக்காமல் பயில்வதே அவருடைய வழியாயிற்று. இளமையில் மூன்று மணி நேரத்திற்குள் முழுக்கவனத்தோடு பயின்ற பழக்கம் இப்போது கைகொடுத்தது. 1853ஆம் ஆண்டு டூசல்டார்ஃப் நகரில், கணவருக்கு இடையூறின்றி இசைக்கத்தக்க வீடு அமைந்தபோது, அவர் மீண்டும் மகிழ்வுடன் பயின்றார். புதிய படைப்புகளையும் இயற்றினார்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1854ஆம் ஆண்டு ராபர்ட் மனநோயுற்று, பான் நகருக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1856ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் அங்கேயே காலமானார். ஏழு குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு முப்பத்தாறு வயதுக் கிளாராவின் மேல் விழுந்தது. பிறரிடம் கையேந்த அவர் விரும்பவில்லை. கச்சேரிகளே குடும்பத்தின் வாழ்வாதாரம் ஆயின. நாடு நாடாகப் பயணம் செய்தார். இங்கிலாந்திற்குப் பலமுறை சென்றார். தொடக்கக் காலத்தில் அவர் ஊரில் இல்லாதபோது, இளம் இசைஞர் பிராம்ஸ் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள உதவினார்.

கிளாரா இசைக்குறிப்பு ஏடின்றி நினைவிலிருந்தே மேடையில் இசைத்தார். அக்காலத்தில் அது புதுமை. அதனைச் செருக்கென்று பழித்தவர்களும் உண்டு. பின்னாளில் அதுவே பியானோக் கலைஞர்களின் வழக்கமாயிற்று. ஏடின்றிக் கேட்டுக் கற்ற ஐந்து வயதுக் குழந்தைக்கு அது புதிதன்று.

1870களில் கையில் கடும் வலி ஏற்பட்டது. ஓராண்டிற்கு மேல் மேடையேறாமல் கிளாரா ஓய்வெடுத்தார். வருவாய் நின்றபோதும், வலியை மறைத்து இசைக்க முற்படவில்லை. பொறுமையாகக் காத்திருந்து மீண்டும் மேடைக்கு வந்தார். இளமையில் ஒருவர் விரல் கெட்டதை அருகிருந்து கண்டவர் அவர்.

இளையோர்க்கு இருவர் தந்த செல்வம்

1848ஆம் ஆண்டு, தம் மூத்த மகள் மரியின் ஏழாம் பிறந்தநாளுக்காக ராபர்ட் சில எளிய பியானோத் துணுக்குகளை இயற்றினார். அவை வளர்ந்து 43 துணுக்குகள் கொண்ட சிறுவர் இசைத் தொகுப்பு ஆயின. உழவன் ஒருவன் வேலை முடிந்து மகிழ்வுடன் வீடு திரும்புவதைக் காட்டும் துணுக்கு, இன்றும் உலகெங்கும் பியானோ பயிலும் சிறுவர்களின் விரல்களில் ஒலிக்கிறது.

இளம் இசை மாணவர்களுக்கென அறிவுரைகளையும் ராபர்ட் எழுதினார். செவிக்குத் தரும் பயிற்சியே எல்லாவற்றிலும் தலையாயது. தாளம் பிறழாமல் இசைக்கவேண்டும். கடினமான ஒன்றை அரைகுறையாக இசைப்பதைவிட எளிய ஒன்றை அழகுற இசைப்பது மேலானது. நாள்தோறும் பல மணி நேரம் எந்திரம்போல் விரலை இயக்குவதால் மட்டும் கலை வாராது. இவை அவ்வறிவுரைகளின் சாரம். தம் விரலை இழந்தவர் பிறர் இழக்காமல் இருக்க எழுதியவை என எண்ணும்போது அவற்றின் மதிப்பு மேலும் உயர்கிறது.

கிளாராவும் சிறந்த ஆசிரியரானார். 1878ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் நகரின் ஹாக் இசைக் கல்லூரியில் பியானோப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அவரை நாடி வந்தனர். மகள்கள் மரியும் ஆய்கெனியும் அவருக்குத் துணையாகக் கற்பித்தனர். உலகம் போற்றிய கலைஞரான பின்னும், கிளாரா ஒவ்வொரு நாளும் சுரவரிசைகளோடுதான் பயிற்சியைத் தொடங்கினார். ஆனால், அவற்றை உயிரற்ற கணக்காக இசைக்கவில்லை. சுரவரிசைகளுக்கு முன்னே தாமே அவ்வப்போது புனைந்த சிறு முன்னிசைகளைச் சேர்த்து இசைப்பார். மகள்கள் வேண்டிக்கொண்டதால், 1895ஆம் ஆண்டு அம்முன்னிசைகளுள் சிலவற்றை எழுதிவைத்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு.

1891ஆம் ஆண்டு, எழுபத்தொன்றாம் வயதில், கிளாரா தம் கடைசிப் பொதுக் கச்சேரியை நிகழ்த்தினார். 1896ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் மறைந்தார். பான் நகரில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் ஜெர்மனி, தன் 100 மார்க் பணத்தாளில் கிளாராவின் உருவத்தைப் பொறித்தது. அதன் மறுபுறம் ஒரு பியானோவின் படம் இருந்தது. யூரோ நாணயம் புழக்கத்திற்கு வரும்வரை அப்பணத்தாள் மக்களின் கைகளில் தவழ்ந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

மாணவர்களே! உங்களுள் சிலர் பியானோ அல்லது கீபோர்டு பயிலலாம். சிலர் வீணையோ வயலினோ தபலாவோ பயிலலாம். கருவி எதுவாயினும் கிளாராவின் வாழ்விலிருந்து சில வழிகளை வகுத்துக்கொள்ளலாம். நாள்தோறும் சிறிது நேரம் தவறாமல் பயிலுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஐந்து மணி நேரம் பயில்வது அதற்கு ஈடாகாது. இசைக்குமுன் அந்த இசையை மனத்திற்குள் கேளுங்கள். தடுமாறும் இடத்தை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொரு கையாக, மெதுவாக இசைத்துப் பாருங்கள். சரியாக வந்தபின் வேகத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே இசைத்தால், எளிய பகுதி மேலும் எளிதாகும்; கடினமான பகுதி கடினமாகவே நிற்கும். கவனம் சிதறினால் எழுந்து சற்று நடந்துவிட்டு வாருங்கள். வலி தோன்றினால் நிறுத்தி, ஆசிரியரிடம் கூறுங்கள்.

நாம் தமிழ் பயிலும் முறைக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நமக்கு வாரத்தில் சில பாடவேளைகளே தமிழுக்குக் கிடைக்கின்றன. தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுவதும் படிப்பவரைவிட, நாள்தோறும் பத்து வரிகளை வாய்விட்டுப் படிப்பவர் நாவில் தமிழ் இயல்பாய் வரும். பாட்டியிடம் தொலைபேசியில் தமிழில் பேசத் தயங்குகிறீர்களா? முதலில் அவர் பேசுவதைக் கூர்ந்து கேளுங்கள். நான்கு வயது வரை பேசாத ஒரு குழந்தையும் கேட்பதிலிருந்தே தொடங்கியது.

சொல்லும் பொருளும்

ஐயுற்றனர் – சந்தேகம் கொண்டனர்
தலையாயது – முதன்மையானது
பிறழாமல் – தவறாமல், மாறாமல்
செருக்கு – கர்வம்
சாரம் – உட்கருத்து
வாழ்வாதாரம் – பிழைப்பிற்கான வழி

மதிப்பீடு

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கிளாராவிற்குக் காது கேளாதோ என்று பெற்றோர் ஐயுற்றது ஏன்?
2. முதல் ஓராண்டில் வீக் தம் மகளுக்கு எவ்வாறு கற்பித்தார்?
3. ராபர்ட் ஷூமன் மேடைக் கலைஞராக இயலாமற்போனது ஏன்?

ஆ) பத்துத் தொடர்களுக்கு மிகாமல் விடை எழுதுக.
1. பயிற்சிக்கு நேரம் கிடைக்காத காலத்தைக் கிளாரா எவ்வாறு எதிர்கொண்டார்?
2. வீக் சிறந்த ஆசிரியர். ஆயினும் மகளுக்குப் போதிய உரிமை அளிக்கவில்லை. இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

இ) பிரித்து எழுதுக.
1. நாள்தோறும்  2. பிறந்தநாளுக்காக  3. அவ்வேளையில்  4. இக்கவலை

ஈ) செயல்பாடு
நீங்கள் பயிலும் ஒரு கலை அல்லது விளையாட்டிற்கு ஒரு வாரப் பயிற்சி அட்டவணை அமைக்க. நாள்தோறும் பயின்ற நேரத்தையும், அன்று எப்பிழையைத் திருத்தினீர்கள் என்பதையும் அதில் குறித்து வகுப்பில் பகிர்க.